வாளி மாட்டி வரும் ஜாம்பி: சிரிப்பை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் என்ன மிச்சம்?

5 மே 2024, காலை (கேள்வி)

பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ் (வீட்டுக்குள் நுழைய வரும் நடைப்பிணங்களை, அதாவது ஜாம்பிகளை, தோட்டத்தில் செடி நட்டுத் தடுக்கும் கம்ப்யூட்டர் ஆட்டம்) வெளிவந்து இன்றோடு 15 வருடம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு இந்தக் கொண்டாட்டம் புரியவே இல்லை. நான் கிங்டம் ரஷ், ப்ளூன்ஸ் எல்லாம் ஆடுகிறவன். டவர் டிஃபென்ஸ், அதாவது வருகிற எதிரியை வழியிலேயே ஆயுதம் வைத்துத் தடுக்கும் ஆட்டம் என்றால் பாதை வளைந்து நெளிந்து போகணும், எந்த மூலையில் எதை வைப்பது என்று மண்டையைக் குடையணும். இதில் ஐந்து நேர் வரிசை, வரிசைக்கு ஒன்பது சதுரம், அவ்வளவுதான். அந்தக் காமெடி ஜாம்பிகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சின்னப் பசங்களுக்கான பொம்மைப் படம்தானே? வேலூர், காட்பாடி பக்கம் இதை மனசார விரும்பி ஆடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

5 மே, இரவு

நான் ஆடினவன். சத்துவாச்சாரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனும்கூட. அதனால் சொல்கிறேன்.

"காமெடியை எடுத்துவிட்டால்" என்கிறீர்கள். அதை எடுக்கவே முடியாது. இந்த ஆட்டத்தில் சிரிப்பும் விதியும் ஒன்று. ஒரு ஜாம்பி தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறான். பார்த்ததும் சிரிப்பு வருகிறது. அதே நொடியில் "இவனுக்குச் சுலபத்தில் அடி படாது" என்பதும் தெரிந்துவிடுகிறது. பீஷூட்டர் செடி துப்பும் பட்டாணிதான் நம் குண்டு. சாதா ஜாம்பி பத்துப் பட்டாணியில் விழுவான். சாலையில் வைக்கும் கூம்பை மாட்டியவனுக்கு 28 வேண்டும். வாளிக்காரனுக்கு 65. இந்த எண்களை ஆட்டம் எங்கேயும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், கூம்பு பிளாஸ்டிக், வாளி இரும்பு என்று யாருக்குத் தெரியாது?

பேப்பர் படித்துக்கொண்டே வருகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கிழிகிற வரை மெதுவாக நடப்பான். கிழிந்ததும் கோபம் தலைக்கேறி ஓடி வருவான். காலையில் வீட்டுப் பெரியவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்த விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு டவர் டிஃபென்ஸ் ஆட்டமாக இருந்தால் "முதல் அரண் உடைந்தபின் வேகம் கூடும் எதிரி" என்று ஒரு பெட்டியில் எழுதியிருப்பார்கள், நாமும் படிக்காமல் தள்ளிவிட்டுப் போயிருப்போம்.

காளான்கள் பகலில் தூங்கும். எழுப்ப வேண்டுமானால் காபிக்கொட்டையைப் போடணும். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது!

6 மே

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கணும். இந்த ஆட்டத்தில் யார் தலைக்கு மேலேயும் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு கிடையாது. கவனித்தீர்களா? அடி வாங்க வாங்க ஜாம்பியின் கை கழன்று விழும், கூம்பு நசுங்கும், வாளி ஒடுங்கும். நம் பக்கம் தடுப்பாக நிற்கும் வால்நட் கடிபடக் கடிபட விரிசல் விட்டு, முகம் பரிதாபமாகிக்கொண்டே போகும். மாற்று வைக்க வேண்டிய நேரம் எப்போது என்பதை அதன் கண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம். எந்த எண்ணும் தராத அவசரத்தை அந்த முகம் தருகிறது.

வால்நட் எங்கள் பக்கம் விளைகிற காய் இல்லை. சென்டருக்கு வந்த பல பிள்ளைகள் அதை நேரில் பார்த்ததே கிடையாது. அது எதற்கு என்று ஒருவன்கூட என்னிடம் கேட்டதில்லை.

8 மே

மின்வெட்டுக் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. நம் மாவட்டத்துக்கு அது பல மடங்கு. பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்கு அதைவிட வேதனை உண்டா? யூபிஎஸ் தாங்குவது கொஞ்ச நேரம்தான். அடையாள அட்டை நகல் வாங்கி, பதிவேட்டில் பெயர் எழுதி, பையனை உட்கார வைத்துத் திரும்புவதற்குள் கரண்ட் போய்விடும். மணிக்கு இருபது ரூபாய். போன நிமிடங்களுக்குக் காசு வாங்கவும் மனசு வராது, வாங்காமல் இருக்கவும் முடியாது.

அதுவரை எங்களிடம் ரோடு ராஷ், வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் மூன்றும்தான் ஓடின. மூன்றிலும் ஆடுகிறவனுக்கு மட்டும்தான் சந்தோஷம். பின்னால் நிற்கிறவன் தன் முறை வரும் வரை கொட்டாவி விடுவான். அப்போது ஒரே ஒரு கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸைப் போட்டேன். முதலில் ஆட்டத்தை உருவாக்கிய பாப்கேப் நிறுவனம் தந்த ஒரு மணி நேர இலவசப் பதிப்பைத்தான் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரம் தீர்ந்த இடத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டபின் வாங்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஒரு மெஷினைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஆடுகிறவன் ஒருத்தன், கத்துகிறவர்கள் ஏழெட்டுப் பேர். "மூணாவது லைன்ல வரான் பாருடா", "ஏய், சூரியனை எடு, எடு, காணாமப் பூடும்". (ஆட்டத்தில் செடி வாங்கும் காசு சூரியன்தான்.) ஒருநாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் வாளி ஜாம்பியை முதன்முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ண்ணா, இன்னாண்ணா இது, பக்கெட்ட மாட்டிக்கினு வரான்" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த வரிசையில் இன்னொரு பீஷூட்டரை வைத்தான். யாரும் சொல்லித்தரவில்லை. நான் முதல் நாள் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி அந்தப் பையன்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் (லெவலும்) சில நிமிடத்தில் முடிந்துவிடும். கரண்ட் போனால் அந்த ஒரு கட்டம்தான் போகும், அதுவரை ஜெயித்தது எல்லாம் பத்திரம். வைஸ் சிட்டியில் சேமிக்காமல் பாதி மிஷனில் கரண்ட் போனால் பிள்ளைகள் அழுதே விடுவார்கள்.

8 மே, சற்று நேரம் கழித்து

தோற்பதைப் பற்றி எழுத விட்டுப்போச்சு. தோற்றால் ஜாம்பிகள் உன் மூளையைத் தின்றுவிட்டன என்று பெரிய எழுத்தில் வரும், உள்ளேயிருந்து அலறல் கேட்கும். சென்டர் முழுக்க அதோடு சேர்ந்து அலறும். தோற்றவனும் அலறுவான். தோல்வி அவமானமாகத் தெரியாத ஆட்டங்கள் குறைவு. பின்னால் எட்டுப் பேர் நிற்கும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

11 மே

ஆரணி நண்பர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. "ஒரு ஜோக்கை எத்தனை தடவை கேட்டுச் சிரிப்பது? வாளியைப் பத்தாவது தடவை பார்க்கும்போது சிரிப்பு வராதே."

வராதுதான். ஆனால் ஐம்பது கட்டமும் முடிகிற வரை புது ஆள் வந்துகொண்டே இருக்கிறான். பகல், இரவு, நீச்சல் குளம், மூடுபனி, கூரை என்று ஐந்து பகுதி, பகுதிக்குப் பத்துக் கட்டம். செடிகள் 49, ஜாம்பி வகைகள் 26. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு புதுச் செடியோ பொருளோ கையில் கிடைக்கும். பழைய ஜோக் விதியாக மனசில் பதிந்ததும் அடுத்த ஜோக் வந்து நிற்கும்.

அதோடு, பழைய ஜோக்குகள் ஒன்றோடொன்று மோதும். கோல் ஊன்றித் தாண்டுகிறவன் முதலில் எதிர்ப்படும் செடியைத் தாண்டிக் குதித்துவிடுவான். வால்நட் அவனுக்கு ஒரு தடையே இல்லை. பிறகு உயரமான டால்நட் வரும். அதில் முட்டிக்கொண்டு விழுவான். முதல் சிரிப்பு அவன் நம்மை ஏமாற்றியதற்கு, இரண்டாவது சிரிப்பு நாம் அவனை மடக்கியதற்கு. கம்பிவலைக் கதவைக் கேடயமாகப் பிடித்து வருகிறவன் மேல் பட்டாணி பாயாது, ஆனால் ஃபியூம்ஷ்ரூம் என்ற காளான் ஊதும் புகை வலைக்குள் புகுந்து போகும். வலைக்கதவு புகையைத் தடுக்காது என்பது நம் வீட்டில் கொசுவர்த்தி வைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பூண்டு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வரும். அது யாரையும் கொல்லாது. ஒரு கடி கடித்த ஜாம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய்விடுவான். 50 சூரியன் விலை. கேள்வி கேட்டவர் "வழி வளையணும்" என்றாரே, பாதையை வளைக்கிற வித்தை இதுதான். ஐந்து வரிசைக் கூட்டத்தைப் பூண்டு வைத்து மூன்று வரிசைக்குள் ஒதுக்கி அங்கே மட்டும் பலத்தைக் குவிக்கலாம். பூண்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போனவர்கள் இந்த ஆட்டத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

12 மே

வேலூர்க் கோட்டையை இழுத்துவிட்டீர்கள். "நம்ம ஊர்லயே டவர் டிஃபென்ஸ் இருக்கே, அகழியோட" என்று. சரி, பேசுவோம்.

நம் கோட்டை 16ஆம் நூற்றாண்டு. விஜயநகர காலத்தில் நாயக்கர் கட்டியது. சுற்றிலும் அகழி. அதில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1677-78ல் மராட்டியப் படை ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டுத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அகழி அந்த அளவுக்கு வேலை செய்தது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். மூன்றாம் பகுதியில் புல்வெளி நடுவே நீச்சல் குளம் வந்ததும் எனக்கும் அகழி ஞாபகம்தான். நடுவில் இரண்டு வரிசை தண்ணீர், அங்கே எவனும் வர மாட்டான், மீதி நாலு வரிசையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தேன். இடுப்பில் வாத்து மிதவையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான் பாருங்கள் ஒரு ஜாம்பி! கோட்டை கட்டினவர்கள் ஆயிரக்கணக்கில் ஆள் வைத்துத் தோண்டிய பாதுகாப்பை ஒரு ரப்பர் வாத்து தாண்டிவிடுகிறது. தண்ணீர் தடையில்லை, இன்னும் இரண்டு பாதை என்ற விதி அந்த வாத்தோடு சேர்ந்து மனசில் உட்கார்ந்துவிடும். பிறகு மூச்சுக்குழாயோடு முங்கி வருகிறவன், டால்பின் மேல் ஏறி வருகிறவன் எல்லாம் வருவார்கள். அதற்குள் நாம் தயாராகியிருப்போம்.

1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். அன்று எதிர்ப்பு கோட்டைக்கு உள்ளேயே வெடித்தது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே திரும்பப் பிடித்தது. அது ரத்தம் சிந்திய வரலாறு, அதை விளையாட்டோடு ஒப்பிட எனக்கு மனசில்லை. அந்தப் பேச்சுக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

12 மே, மாலை

"சூரியன்தான் காசு என்றால் கத்திரி வெயிலில் வேலூர்க்காரன் எல்லாம் கோடீஸ்வரன்" என்று எழுதிய தம்பிக்கு ஒரு வணக்கம். ஆனால் ஆட்டத்தில் வானத்திலிருந்து விழுகிற சூரியனை மட்டும் நம்பினால் தேறாது. 25 சூரியனாக, நின்று நிதானமாகத்தான் விழும். சூரியன் தரும் சன்ஃபிளவரை நட்டவன்தான் பிழைப்பான். இரவுப் பகுதியில் அந்த விழுகிற சூரியனும் கிடையாது. செலவே இல்லாத பஃப்ஷ்ரூம் காளானை முன்னால் வைத்து, 25 சூரியன் விலையுள்ள, சூரியன் தரும் சின்னச் சன்ஷ்ரூமை வளர்த்துத்தான் காலம் தள்ளணும்.

15 மே

யாரோ இ.ஏ. (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) கம்பெனிதான் இதை உருவாக்கியது என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. சியாட்டிலில் இருந்த பாப்கேப் உருவாக்கியது. ஜார்ஜ் ஃபேன் வடிவமைத்தார், டாட் செம்பிள் நிரல் எழுதினார், ரிச் வெர்னர் வரைந்தார், லாரா ஷிகிஹாரா இசையமைத்தார். ஒரு சின்ன அறையில் அடங்கிவிடக்கூடிய கூட்டம். பாப்கேப்பை இ.ஏ. வாங்கியது 2011ல்.

ஜார்ஜ் ஃபேன் 2012ல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் ஓர் உரை நிகழ்த்தினார். தன் அம்மாவை இந்த ஆட்டத்தை முழுசாக ஆட வைத்தது எப்படி என்பதுதான் தலைப்பு. ஆட்டம் உருவாக்குகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். திரையில் ஒரே நேரத்தில் எட்டு வார்த்தைக்கு மேல் வரக்கூடாது என்று வைத்துக்கொண்டாராம். முதல் கட்டத்தில் புல் இருப்பது ஒரே ஒரு வரிசையில், மீதி வெறும் மண். எங்கே நடுவது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. சன்ஃபிளவரின் விலை முதலில் 100ஆக இருந்தது. புதிதாக ஆடுகிறவர்கள் அதை நடாமல் பீஷூட்டரையே வாங்கித் தோற்றார்கள். திரையில் விளக்கம் சேர்த்து உபதேசம் பண்ணாமல் விலையை 50ஆகக் குறைத்தார். தொடக்கத்தில் கையில் இருப்பதே 50 சூரியன்தான், எல்லோரும் தானாகச் சன்ஃபிளவரை நட்டார்கள்.

அந்த உரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பயன்படுத்து என்கிற இடம். டவர் டிஃபென்ஸில் நம் ஆள் ஏன் நகரவே மாட்டேன் என்கிறான்? செடி நகராது. எதிரி ஏன் இவ்வளவு மெதுவாக ஒரே நேராக வருகிறான்? ஜாம்பி அப்படித்தான். காசு எங்கிருந்து வரும்? செடிக்கு வேண்டியது வெயில்தானே. மற்ற ஆட்டங்களில் "இது இப்படித்தான்" என்று விழுங்கவேண்டிய விதியெல்லாம் இங்கே காரணத்தோடு வருகிறது. ஆரம்பத்தில் எதிரிகளாக வேற்றுக்கிரகவாசிகளை வைத்திருந்தாராம். நல்லவேளை மாற்றினார். வேற்றுக்கிரகவாசி ஏன் தோட்டத்தில் தள்ளாடி நடக்கணும்?

இதை எங்கள் பெரியம்மாவிடம் பார்த்தேன். குடியாத்தத்தில் இருக்கிறார். மாடியில் தொட்டி வைத்துக் கீரை, கற்றாழை எல்லாம் போடுகிறவர். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. பேரனின் டேப்லெட்டில் எட்டிப் பார்த்து ஆரம்பித்தவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கூரைப் பகுதி வரைக்கும் வந்துவிட்டார். கூரையில் நேராகச் செடி வைக்க முடியாது, முதலில் பூந்தொட்டி வைக்கணும். பேரன் அதை மறந்து ஓட்டின் மேல் அழுத்தி அழுத்திப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. "டேய், தொட்டி வைக்காம ஓட்டு மேல எப்பிடிடா செடி நிக்கும்?" என்றார் பெரியம்மா. ஓடு சரிவாக இருப்பதால் பட்டாணி நேராகப் போய் ஓட்டில் முட்டும், வீசி எறிகிற முட்டைக்கோசும் சோளமும்தான் வேண்டும் என்பதும் அவருக்கு உடனே பிடிபட்டது.

இதைப் பொம்மைப் படம் என்றவர் அவரோடு உட்கார்ந்து ஒரு கட்டம் ஆடிப் பார்க்கணும்.

16 மே

இசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கூட்டம் பெருகும்போது அதே பாட்டில் மத்தளம் சேர்ந்துகொள்ளும், குறைந்ததும் நின்றுவிடும். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி, திரையைப் பார்க்காமலேயே அந்த மெஷினில் நிலைமை எப்படி என்று சொல்வேன்.

19 மே

காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி நீளமாக மறுத்து எழுதியிருக்கிறார். சாராம்சம் இது: "சர்வைவல் எண்ட்லெஸ் ஆடிப் பாருங்க. அங்க காமெடியும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் கணக்கு. உங்க வாதம் முதல் ஐம்பது கட்டத்தோட முடிஞ்சுது."

இரண்டு நாள் யோசித்தேன். தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரி. எண்ட்லெஸ் என்ற அந்த முடிவில்லாத பகுதியில் ஜாம்பிக் கூட்டம் அலை மேல் அலையாக வந்துகொண்டே இருக்கும், அங்கே நிற்கிறவர்கள் காப் கேனனை நம்பி நிற்கிறவர்கள். அடுத்தடுத்த சதுரத்தில் சோளம் எறியும் கெர்னல்பல்ட் இரண்டை வைத்து, அதன் மேல் 500 சூரியன் கொட்டி எழுப்பும் பீரங்கி அது. நாமே குறி பார்த்து எங்கே வேண்டுமானாலும் சுடலாம். கம்பத்தைத் தூக்கி வரும் கார்கான்சுவார் என்ற ராட்சத ஜாம்பிக்கு இரண்டு குண்டு. எந்த நொடியில் சுடுவது, எத்தனை பீரங்கி மாறி மாறி வேலை செய்யும், எந்தச் சதுரத்தைக் காலியாக விடுவது என்று போகும் அந்தப் பேச்சு. சிரிக்க அங்கே நேரமில்லை.

ஆனால் தம்பி, அந்தக் கணக்கை எந்தப் பெயர்களில் போடுகிறீர்கள்? உங்கள் பதிவிலேயே பாருங்கள். "பெட்டியைத் திறந்து வெடிக்கிறவனை முதலில் முடிக்கணும், ஏணிக்காரனுக்குக் காந்தக் காளான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏணியும் வாளியும் இரும்பு, அதனால் காந்தம் பிடுங்கும் என்பது ஜோக்காக உள்ளே வந்த விஷயம். இன்று உங்களுக்கு அது கணக்கில் ஒரு உறுப்பு. சிரிப்பு போய்விட்டது என்கிறீர்கள். அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது என்பேன் நான்.

மண்ணுக்குள் தோண்டிப் போய் வீட்டுப் பக்கத்தில் எழுந்து பின்னாலிருந்து கடிக்கிறவனின் பிக்காசையும் அதே காந்தம் பிடுங்கிவிடும். நான் இதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவன் பாதி வழியில், நடு வரிசையில் வெறும் கையோடு மேலே வந்து திருதிருவென்று விழித்தான்.

20 மே

தம்பியின் பதில்: "ஒத்துக்கறேன், பாதி." போதும், மீதிப் பாதியை அவருடைய கட்சியிலேயே விட்டுவிடுகிறேன். எண்ட்லெஸை ஆட்டத்தின் உச்சம் என்று நினைப்பவர்களுக்கு அதில் கிடைக்கும் ருசி வேறு. அதை என்னால் குறை சொல்ல முடியாது.

26 மே

இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். 2013ல் வந்தது. எகிப்து, கடற்கொள்ளையர், மேற்கத்திய கௌபாய் என்று காலப்பயணம். ஜோக்குகளுக்குக் குறைவே இல்லை. மம்மித் துணி சுற்றியவன், பீப்பாயை உருட்டி வருகிறவன், கோழிகளை அவிழ்த்துவிடுகிறவன். வரைகலை முதல் பாகத்தைவிட மெருகு.

அப்படியும் என் கை அதில் ஒட்டவில்லை. ஆட்டம் இலவசம். ஆனால் முதல் பாகத்தில் நாம் ஜெயித்து வாங்கிய ஸ்னோ பீ, ஸ்குவாஷ், ஹாலபெனோ போன்ற பழைய தோழர்களைக் காசு கொடுத்து வாங்கும் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் திணறினால் அங்கேயே காசைக் கொட்டி ஒரு வித்தை காட்டித் தப்பலாம். முதல் பாகத்தில் திணறினால் வழி ஒன்றுதான், வருகிறவனை நன்றாகப் பார்க்கணும். தலையில் என்ன, கையில் என்ன, காலில் என்ன. அந்தப் பார்வைதான் ஆட்டம். காசு அந்தப் பார்வையைத் தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது. கோழிக்காரன் எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் அவனைக் கவனிக்கவேண்டிய அவசியம் போய்விட்டால் அவன் வெறும் அலங்காரம். கேள்வி கேட்டவரே, உங்கள் "காமெடியை எடுத்துவிட்டால்" என்ற வாதம் இரண்டாம் பாகத்துக்குக் கொஞ்சம் பொருந்தும்.

இதைக் கோபமாகவே எழுதுகிறேன். பையில் பத்து ரூபாயோடு வந்த பிள்ளைகளுக்கு முதல் பாகம் முழுசாகத் தன்னைக் கொடுத்தது.

27 மே

நடன ஜாம்பி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், முதலில் மைக்கேல் ஜாக்சன் சாயலில் இருந்தான். ஜாக்சன் 2009 ஜூனில் இறந்தபின் அவர் சொத்தைப் பார்ப்பவர்கள் ஆட்சேபிக்க, 2010ல் டிஸ்கோ ஆடுகிறவனாக மாற்றினார்கள். சுற்றி நாலு பேரை மண்ணிலிருந்து எழுப்பி ஆடுவது அப்படியே இருக்கிறது.

2 ஜூன்

வேலூர்ப் பதிப்பு ஒன்று செய்தால் என்னென்ன வைக்கலாம் என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். படித்துப் படித்துச் சிரித்தேன். ஆனால் பாதி யோசனைகள் ஆட்டத்தில் நிற்காது. ஊர் அடையாளத்தை ஒட்டினால் மட்டும் போதாது, பார்த்தவுடன் அது என்ன செய்யும் என்று தெரியணும்.

பிரியாணி அண்டா வைக்கலாம் என்ற ஆம்பூர் நண்பரே, அது என்ன செய்யும்? ஜாம்பிகள் அங்கே போய் நின்று சாப்பிடுமா? அப்படியானால் சரி, எல்லா வரிசைக் கூட்டத்தையும் தன் பக்கம் இழுக்கும் பாத்திரம். அது பூண்டுக்கு நேர் எதிர்வேலை, நல்ல யோசனை.

முள்ளுக்கத்தரி என்று எழுதியவர் கைகொடுங்கள். இலவம்பாடிக் கத்தரி, 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பெல்லாம் முள். கடிக்கிறவன் வாயில் குத்தும் என்று பார்த்ததுமே தெரியும். இரண்டாம் பாகத்தில் எண்டூரியன் என்று டுரியன் பழத்தை வைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். தன்னைக் கடிப்பவனைத் திருப்பிக் குத்தும் தடுப்பு அது. நம் கத்தரி அளவில் சின்னது. அதனால் விலையைக் குறைத்து, சீக்கிரம் தீர்ந்துபோகிற மாதிரி வைக்கணும்.

ஜாம்பி பக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிறவன். எழுதியவர் யாரோ, ஆட்டத்தின் உயிரையே பிடித்துவிட்டார். ஹெல்மெட் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. பத்துப் பட்டாணியில் விழுவான். ஆனால் பைக் என்பதால் வேகம். போலீஸ் விசில் சத்தம் கேட்டால் மட்டும் எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வான், அப்போது 28 ஆகிவிடும். இந்த ஒரு ஆளை வைத்தே ஒரு முழுக் கட்டம் வடிவமைக்கலாம். விசில் ஊதுவது எப்போது என்பதுதான் புதிர்.

எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து வருகிறவனுக்கும் என் ஓட்டு உண்டு. ஆனால் காந்தம் அவனிடம் வேலை செய்யுமா? நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று பாத்திரக்கடையில் சோதித்து வாங்குவார்கள் நம் வீட்டுப் பெண்கள். காந்தக் காளானை நம்பி உட்கார்ந்தவன் காலி.

9 ஜூன்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தன் மகள் ஆட ஆரம்பித்துவிட்டாள், மூடுபனிப் பகுதியில் பலூனில் தொங்கி வருகிறவனிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், என்ன வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். தோற்கட்டும். செடி தேர்வு செய்யும் பக்கத்தில் அவளிடம் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதில் முள் உள்ளது எது என்று அவளே தேடுவாள். கள்ளிச்செடி, 125 சூரியன். பலூன் வந்தால் உயர்ந்து நின்று குத்தும், மற்ற நேரத்தில் தரையிலும் சுடும். வரிசைக்கு ஒன்று போதும்.

அப்படியும் சூரியன் பற்றவில்லை என்றால் ப்ளோவர் என்று மூன்று இலைக் காற்றாடி ஒன்று கிடைக்கும். 100 சூரியன். ஊதினால் பலூன்கள் எல்லாம் பறந்துவிடும், பனியும் கொஞ்ச நேரம் விலகும். அதை முன்கூட்டியே வைத்து வீணாக்க வேண்டாம், வைத்ததும் ஊதிவிட்டுப் போய்விடும். பலூன்கள் ஒன்றுக்கு மேல் உள்ளே வந்தபிறகு வைக்கச் சொல்லுங்கள். பொட்டேட்டோ மைன் கண்ணிவெடிப் பழக்கத்தில் எதையும் முன்னாலேயே புதைக்கிற பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள்.

பனிக்குள் பார்க்க பிளான்டர்ன் விளக்கு ஒன்றைக் குளத்தில் லில்லி இலை மேல், நடுவில் வைத்தால் மேலேயும் கீழேயும் சேர்த்து வெளிச்சம் கிடைக்கும். அடுத்த பகுதி கூரை. அதற்குள் வந்துவிட்டால் சொல்லுங்கள், பெரியம்மாவைக் கேட்டு எழுதுகிறேன்.